உங்களுக்குத் தெரியுமா? பன்னிரண்டு படம் போதும்!

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் வரப்போகும் ஆண்டின் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். மாதக் காலண்டர் என்றால் பன்னிரண்டு தாள், பன்னிரண்டு படம். ஒரு வீட்டுச் சுவர் ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அதுவே போதுமானதாக இருக்கிறது. நாமோ ஒரு காதுகுத்து விழாவுக்குப் போய்த் திரும்புவதற்குள் கைபேசியில் முந்நூறு படம் எடுத்துவிடுகிறோம். அந்த முந்நூறில் சுவரில் மாட்ட ஒன்று தேறுவதே அபூர்வம்.

கருவி பெருகினால் கண்ணுக்கு வேலை குறைந்துவிடும் என்பது நல்ல புகைப்படக்காரர்கள் அனைவரும் அறிந்த உண்மை. அதனால்தான் அவர்களில் பலர் ஒரே கேமரா, ஒரே லென்ஸ், எண்ணிவைத்த படங்கள் என்று தங்களுக்குத் தாங்களே வேலி போட்டுக்கொண்டார்கள். தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர் மூன்றையும் நாட்டுக்குத் தரும் விருதுநகர்ச் சீமையில் நின்று அந்த வேலியைப் பற்றிச் சில செய்திகள்.

1. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு

கோடாக் நிறுவனம் 1901 இல் கொண்டுவந்த 120 என்ற எண்ணுள்ள ஃபிலிம் சுருள் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதில் 6 செ.மீ. சதுரமாக எடுத்தால் பன்னிரண்டு படம் வரும். 6-க்கு 9 என்ற அளவில் எடுத்தால் எட்டே படம். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம், சுருளுக்குப் பன்னிரண்டு படம். இந்தப் பொருத்தம் தற்செயல்தான். ஆனாலும் இதைவிட எளிய பயிற்சிக் கணக்கு வேறு கிடைக்காது.

2. வெயிலா, மேகமா?

அறுபது எழுபதுகளில் இந்திய வீடுகளில் புழங்கிய அக்ஃபா கிளிக் 3 கேமரா பரோடாவில் தயாரானது. 120 சுருளில் பன்னிரண்டு படம் எடுக்கும். ஷட்டர் வேகத்தை மாற்ற வழியில்லை. ஜூம் கிடையாது. வெயிலுக்கு ஒரு நிலை, மேகத்துக்கு ஒரு நிலை என்று நகர்த்த ஒரு சிறு நெம்புகோல் உண்டு. இன்று நம் வீட்டு ஆல்பங்களில் மங்கிப்போகாமல் இருக்கும் பல சதுரப் படங்கள் அப்படிப்பட்ட பெட்டிக் கேமராக்கள் தந்தவை. தாத்தா ஆச்சியின் கல்யாணக்கோலப் படம் சதுரமாக இருந்தால், அதை எடுத்தவர் பன்னிரண்டில் ஒன்றை அவர்களுக்காகச் செலவழித்தார் என்று பொருள்.

3. ஊட்டியில் பிறந்த ஃபிலிம்

ஃபிலிமும் ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலேயே தயாரானது. மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960 இல் தொடங்கப்பட்டு, 1967 முதல் உதகமண்டலத்தில் ஃபிலிம் தயாரித்தது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் நாடு முழுவதும் ஸ்டூடியோக்களுக்குப் போயின. இந்து என்றால் நிலா. வெள்ளி உப்பு பூசிய சுருளுக்கு அதைவிட அழகான பெயர் அமையாது. டிஜிட்டல் காலம் வந்தபின் ஆலை நின்றுபோனது.

4. முப்பத்தாறு எப்படி வந்தது?

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், கனமான கண்ணாடித் தகட்டுக் கேமராவைத் தூக்கி நடக்கும் உடல்வாகு இல்லாதவர். சினிமா ஃபிலிமைப் படுக்கவைத்து, அதன் சட்டத்தை இரட்டிப்பாக்கி, 36-க்கு 24 மி.மீ. அளவில் கைக்கு அடக்கமான கேமரா ஒன்றை உருவாக்கினார். லைகா என்ற பெயரில் அது 1925 இல் லைப்சிக் சந்தையில் விற்பனைக்கு வந்தது. உடல் சுமக்க மறுத்த பாரம்தான் இந்தச் சின்னக் கேமரா பிறக்கக் காரணம். முப்பத்தாறு படம் கொண்ட சுருளும் அந்த வழியில் வந்ததே.

5. கரிசல் வெயிலே மீட்டர்

ஒளியை அளக்கும் மீட்டர் இல்லாத நாளில் புகைப்படக்காரர்கள் ஒரு கணக்கை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். உச்சி வெயிலில் துவாரம் எஃப் 16. ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஒளியுணர்வைக் காட்டும் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்து எண். அதாவது ஐ.எஸ்.ஓ. 100 என்றால் நொடியில் 125-இல் ஒரு பங்கு. மழை குறைந்து, காற்றில் ஈரம் இல்லாத சீமை என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர்பிடித்தன. அதே வறண்ட வெயிலில் இந்தக் கணக்கும் பிசகாது. கேமராவின் தானியங்கியை அணைத்துவிட்டு ஒருநாள் முழுக்க இந்தக் கணக்கை மட்டும் நம்பி எடுத்துப் பாருங்கள். வெயிலின் அளவு கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

6. ஒரு திரை, ஒரு ஸ்டூல்

பழைய ஊர் ஸ்டூடியோவில் இருந்தவை எவை? முக்காலியில் நிற்கும் ஒரு கேமரா, இரண்டு விளக்கு, பின்னால் கையால் வரைந்த திரை, ஒரு ஸ்டூல், முகம் பார்க்க ஒரு கண்ணாடி. இவற்றை வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைப் படம் பிடித்தார்கள். முகத்தில் தழும்பு தெரியாமல் நெகட்டிவில் பென்சிலால் ‘டச்சிங்’ செய்தார்கள். தமிழ்நாட்டின் இத்தகைய ஸ்டூடியோப் படங்கள் அழியாமல் காக்க, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அவற்றை மின்படியாக்கினார்கள். குறைந்த கருவியில் எடுத்த படங்கள் இன்று ஆய்வுக்குரிய செல்வம்.

7. கடைப்பெயருக்கு விட்ட இடம்

சிவகாசிக் காலண்டர்களில் நம் தாத்தாக்கள் கும்பிட்ட சாமி படங்கள் பலவற்றை வரைந்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையா ராஜு (1898–1976). நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து தேர்ந்த கை அது. அவருடைய சீடர்களும் அதே வழியில் வந்தார்கள். காலண்டர் ஓவியத்துக்குக் கண்டிப்பான எல்லை உண்டு: தெய்வம் நடுவில் நேராகப் பார்க்க வேண்டும், கீழே மளிகைக்கடையோ ஜவுளிக்கடையோ தன் பெயரைப் போட இடம் விட வேண்டும். எதை நிரப்புவது என்பதோடு எதை விடுவது என்பதையும் அறிந்தவர்தான் சட்டத்தை ஆள முடியும். புகைப்படம் கற்பவர் பழைய காலண்டர் ஒன்றை எடுத்து, அந்த வெற்றிடத்தை மட்டும் கவனித்துப் பார்க்கலாம்.

8. நான்கே மை

காலண்டரில் மயிலின் கழுத்து, முருகனின் பட்டு, மாம்பழத்தின் மஞ்சள் என்று எத்தனை நிறம் தெரிந்தாலும், ஆஃப்செட் இயந்திரத்தில் ஓடுவது நான்கே மை: நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. கல்லச்சுக் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல் வேண்டும். ஒரு நிறம் கூடினால் ஒரு கல் கூடும், ஒரு ஓட்டம் கூடும், செலவும் கூடும். எத்தனை குறைவான நிறத்தில் காரியத்தை முடிப்பது என்று யோசித்த ஊர் சிவகாசி.

9. திருவண்ணாமலையில் ஒரு லைகா

உலகப் புகைப்படக் கலையின் பெரிய பெயர்களில் ஒன்று பிரான்சின் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் (1908–2004). வாழ்நாளின் பெரும்பகுதி அவர் நம்பியது சின்ன லைகாவையும் 50 மி.மீ. லென்ஸையும்தான். ஃபிளாஷ் போட மாட்டார். எடுத்த படத்தின் ஓரத்தைப் பின்னர் வெட்டவும் விரும்ப மாட்டார். கேமராவின் பளபளப்பான பாகங்கள் கண்ணை உறுத்தாதபடி கறுப்பாக மறைத்துவைத்தார். காந்தியடிகள் கொல்லப்படுவதற்குச் சற்று முன் அவரைச் சந்தித்துப் படம் எடுத்தவர். 1950 ஏப்ரலில் புதுச்சேரியில் அரவிந்தரைப் படம் எடுத்தார். அதே மாதம் 14-ஆம் தேதி இரவு ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில்தான் இருந்தார்.

10. காலண்டர் அட்டையில் ஒரு லென்ஸ்

36-க்கு 24 மி.மீ. சட்டத்தின் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. லென்ஸின் குவிய நீளம் இதற்கு அருகில் இருந்தால் காட்சி இயல்பாகத் தெரியும். 50 மி.மீ. லென்ஸைச் சாதாரண லென்ஸ் என்று சொல்வது இதனால்தான்.

அந்த லென்ஸ் எவ்வளவு பார்க்கும் என்று அறியக் கேமராவே வேண்டாம். தேதி முடிந்த தினசரிக் காலண்டரின் அட்டையை எடுங்கள். நடுவில் 18 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரத்துக்கு ஒரு சன்னல் வெட்டுங்கள். கண்ணிலிருந்து 25 செ.மீ. தள்ளிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். தெரிவதுதான் 50 மி.மீ. லென்ஸின் பார்வை. 17.5 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் அது 35 மி.மீ. ஆகிவிடும். இந்த அட்டையோடு தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே சட்டம் போடும் கலை பாதி கைவந்துவிடும்.

11. கோபுரம் அடங்கவில்லையா?

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலை ராஜகோபுரத்தை 50 மி.மீ. லென்ஸோடு அருகில் நின்று எடுக்க முயன்றால் அடங்காது. இரண்டு வழிதான் உண்டு. தெருவில் பின்னோக்கி நடக்க வேண்டும், அல்லது ஒரு நிலையை, ஒரு சாளரத்தை, ஒரு புறாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னால் நடந்தால் கோபுரத்தோடு தெருவும் பால்கோவாக் கடையும் பூக்காரம்மாவும் சேர்ந்து வருவார்கள். அகல லென்ஸ் இருந்திருந்தால் அவர்களை நாம் பார்த்தே இருக்க மாட்டோம்.

12. ஒட்டுப்போட்ட கேமரா

திருநெல்வேலியில் 1912 இல் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர் எழுத்திலும் படத்திலும் தமிழகம் தந்த மிகப் பெரிய ஆளுமை. ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், இன்னொன்றின் தொலைலென்ஸ், மீதிக்குத் தானே செய்த பாகங்கள் என்று இணைத்து ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். யானையின் தோல்மடிப்பும் காட்டின் இருளும் அவர் படங்களில் துலங்குவதற்கு நிறம் தேவைப்படவில்லை. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996 இல் மறையும் வரை நாற்பத்தாறு ஆண்டுகள் இடைவிடாமல் ஒரே பத்தி எழுதினார். 1960 இல் பத்மஸ்ரீ பெற்றார்.

13. அணில் அகப்படாவிட்டால்?

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் 1988 இல் அமைந்தது சாம்பல் நிற மலை அணில் சரணாலயம். 2021 இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. பெரிய லென்ஸ் இல்லாதவர் அங்கே போய் என்ன எடுப்பது? மர உச்சியில் இலைக்கூடு இருக்கிறது. கடித்துப் போட்ட காய் தரையில் கிடக்கிறது. கிளைக்குக் கிளை தாவ வழிவிடும் மரக்கூரை இருக்கிறது. விலங்கின் உருவம் பெரிதாக விழவில்லை என்றாலும் அது வாழும் வீடு படத்தில் வந்துவிடும்.

14. இருபத்தொரு படத்தில் ஒரு கல்வெட்டு

லினேயஸ் டிரைப் 1856 இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். மெழுகு பூசிய பெரிய காகித நெகட்டிவ்களோடு மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு ஒரே படத்தில் அடங்காது. 1858 இல் அதை இருபத்தொரு படமாக எடுத்து, சேர்த்து ஒட்டினார். நீளம் ஏறத்தாழ 19 அடி. இன்று கைபேசியை நகர்த்திப் பிடித்தால் நொடியில் கிடைக்கும் விரிபடத்தை, ஒவ்வொரு அடியாக நகர்ந்து உருவாக்கிய பொறுமை அது.

15. நாற்பத்தெட்டு வயதில் முதல் கேமரா

1863 இல் மகள் பரிசளித்த கேமராவோடு புகைப்படம் கற்கத் தொடங்கினார் ஜூலியா மார்கரெட் கேமரன். அப்போது வயது 48. பல நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால்தான் முகம் பதியும். கடைசி ஆண்டுகளை இலங்கையில் கழித்த அவர், அங்கே தோட்டத்தில் உழைத்த தமிழர்களையும் படமெடுத்தார். அந்தப் படங்களில் எஞ்சியவை சொற்பமே. 1879 இல் இலங்கையிலேயே மறைந்தார். மலையகத்தின் பொகவந்தலாவையில் அடக்கம்.

16. ஒரு சன்னல், பல ஆண்டு

முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர் செக் நாட்டின் யோசெஃப் சுதேக் (1896–1976). ஒற்றைக் கையோடு பெரிய கேமராவைச் சுமந்து பிராக் நகரைப் படமெடுத்தார். நாஜிகள் ஊரைப் பிடித்ததும் வெளியே கேமரா எடுத்துப் போக முடியாத நிலை. தன் ஸ்டூடியோ சன்னலை மட்டும் எடுக்கத் தொடங்கினார். பனித்துளி, ஆவி, வெளியே ஒரு வளைந்த மரம். போர் முடிந்த பின்னும் அந்தச் சன்னலை அவர் விடவில்லை. உங்கள் வீட்டுத் திண்ணையையோ மொட்டைமாடியையோ ஒரு மாதம் மட்டும் இப்படிப் பார்த்துப் பாருங்கள்.

17. ஒரு நாள், ஒரே கிளிக்

அமெரிக்காவின் ஜிம் பிராண்டன்பர்க், 1994 இல் இலையுதிர் காலத் தொடக்கம் முதல் குளிர்காலத் தொடக்கம் வரை தொண்ணூறு நாள், நாளுக்கு ஒரே ஒரு முறைதான் ஷட்டரை அழுத்துவது என்று முடிவெடுத்தார். மினசோட்டாவின் வடகாடுகளில் எடுத்த அந்தப் படங்கள் 1997 நவம்பரில் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வந்தன. முதலில் அவற்றை யாருக்காகவும் எடுக்கவில்லை. தன் கண்ணைப் புதுப்பித்துக்கொள்ளவே எடுத்தார்.

18. கடைசி முப்பத்தாறு

கோடாக்ரோம் வண்ண ஃபிலிம் தயாரிப்பை 2009 இல் நிறுத்தியபோது, கடைசியாக உருவான சுருளைப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரியிடம் கொடுத்தார்கள். 36 படம். அதில் ஒரு பகுதியை அவர் இந்தியாவில் செலவழித்தார்: மும்பையில் சினிமாக் கலைஞர்கள், ராஜஸ்தானில் ராபாரி மக்கள். ஆயிரக்கணக்கில் எடுத்துப் பழகியவர் ஒவ்வொரு படத்துக்கும் யோசித்து யோசித்து நின்றார்.

19. கழிப்பதும் கட்டுப்பாடே

புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் 1955, 56 ஆண்டுகளில் அமெரிக்காவைச் சுற்றி 767 சுருள் எடுத்தார். ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலில் சேர்த்தது 83 படம். எடுக்கும்போது குறைக்க முடியாதவர் தேர்ந்தெடுக்கும்போதாவது கல்நெஞ்சாக இருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

20. தீப்பெட்டியே கேமரா

உலகமெங்கும் பொழுதுபோக்காகச் செய்யும் தீப்பெட்டிக் கேமராவைப் பற்றி, தீப்பெட்டியின் தலைநகரான நம் சீமைக்காரர்கள் அறிந்திருக்கத்தானே வேண்டும்! குச்சிகளைக் கொட்டிவிட்டு, உள்தட்டின் அடியில் 24 மி.மீ. சதுரத்துக்கு வெட்ட வேண்டும். மேலுறையின் நடுவில் சிறு ஓட்டை போட்டு, குளிர்பானத் தகரத்தில் மெல்லிய ஊசியால் குத்திய நுண்துளையை அதன்மேல் ஒட்ட வேண்டும். துளை 0.2 மி.மீ. அளவு இருந்தால் நல்லது. ஒரு பக்கம் புது 35 மி.மீ. சுருள், மறுபக்கம் காலி உருளை. நடுவில் தட்டுக்கும் உறைக்கும் இடையே ஃபிலிம் ஓடும். ஒளி புகாமல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, துளையை மூடித் திறக்க ஒரு கறுப்பு அட்டையை வைத்தால் ஷட்டரும் தயார்.

லென்ஸே இல்லாததால் அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே அளவு தெளிவோடு விழும். இரண்டு ரூபாய்ப் பெட்டியில் ஒளியியலின் முதல் பாடம் முழுதாக அடங்குகிறது. பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் ஒருமுறையாவது இதைச் செய்து காட்ட வேண்டும்.

21. வேப்பமரமும் கேமராதான்

2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. அன்று மரநிழலில் நின்றவர்கள் தரையில் நூற்றுக்கணக்கான பிறைச் சூரியன்களைப் பார்த்திருப்பார்கள். இலைகளுக்கு இடையிலான சிறு இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு நுண்துளைக் கேமரா. ஹம்பி விருபாட்சர் கோயிலுக்குள் ஒரு சிறு துளை வழியே கோபுரம் தலைகீழாகச் சுவரில் விழுவதும் இதே விதிப்படிதான். நுண்துளைப் புகைப்படத்துக்கு உலக நாளும் உண்டு. 2001 முதல் ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு.

22. வெள்ளைத் துணியின் வெளிச்சம்

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைப் படம்பிடிக்கத் தொடங்கியபோது ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. அதற்கு முன் சினிமாக் கேமராவை இயக்கியதில்லை. 1956 இல் வந்த ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை அரங்கில் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கைக் கீழிருந்து அதில் பாய்ச்சி, வானத்து வெளிச்சம் போலப் பரவச் செய்தார். வீட்டில் இருக்கும் வெள்ளை வேட்டி இதே வேலையைச் செய்யும். சன்னலுக்கு எதிர்ப்புறம் அதை விரித்துப் பிடித்தால் முகத்தின் நிழற்பக்கம் கனிந்துவிடும்.

23. இருக்கும் வெளிச்சமே போதும்

மட்டக்களப்புக்கு அருகே 1939 இல் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்ற பாலு மகேந்திரா, இயற்கை வெளிச்சத்தை நம்பிய கலைஞர். ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டப் படும் பாடு ஒன்றையே எடுத்துக்கொண்ட ‘வீடு’ 1988 இல் வந்து, தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

24. ஃபிளாஷும் தீக்குச்சியும் உறவு

இன்றைய ஃபிளாஷுக்கு முன்னோடி ஒரு பொடி. 1887 இல் ஜெர்மனியில் மீதே, கேடிக்கே இருவரும் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைச் சேர்த்து அதை உருவாக்கினார்கள். தீக்குச்சி முனை மருந்திலும் இருப்பது அதே பொட்டாசியம் குளோரேட். அந்தப் பொடி பல புகைப்படக்காரர்களின் கையையும் முகத்தையும் சுட்டது. 1929 இல் ஃபிளாஷ் பல்ப் வந்த பிறகே நிம்மதி கிடைத்தது. அதுவும் ஒரு படத்துக்கு ஒரு பல்ப். வீட்டில் யாரும் இந்தப் பொடியைக் கலந்து பார்க்கக் கூடாது.

25. வானத்தில் நிறம், கையில் ஒரு அட்டை

வாணத்தில் சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்தால் வருகிறது. நீலம் செம்பால், மஞ்சள் சோடியத்தால், வெள்ளை அலுமினியத்தால் வருகின்றன. பச்சை தந்த பேரிய உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்துள்ளது.

இவற்றைப் படமெடுக்க விலையுயர்ந்த லென்ஸ் வேண்டாம். கேமராவை அசையாமல் முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8 அல்லது 11 என்று வைத்து, ஷட்டரைச் சில நொடி திறந்துவிட்டால் போதும். வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவே லென்ஸ் முன் கறுப்பு அட்டையைப் பிடித்தால் ஒரே சட்டத்தில் மூன்று பூவைச் சேர்க்கலாம். அப்படி ஒன்றை எடுத்து முடித்ததும் கேமராவை வானத்திலிருந்து இறக்கி, அண்ணாந்து பார்க்கும் குழந்தைகளின் முகத்துக்குத் திருப்புங்கள். வாணத்தின் வெளிச்சம் அங்கேதான் அழகாக விழுகிறது.

26. கேமரா நுழையக் கூடாத இடம்

பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டிக்கு மட்டுமல்ல, கைபேசிக்கும் அனுமதி இல்லை. ஒரு பொறி போதும் என்பதால் சட்டமே அப்படி. புகைப்படக்காரர் மீறவே கூடாத எல்லை இது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த விபத்தில் இறந்தவர்களில், புகை கண்டு அருகே ஓடிய வெளியாட்களும் இருந்தார்கள். புகை எழும் திசைக்குக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வேலைக்குப் போய்வரும் மக்களை எடுக்க விரும்பினால், ஆலைக்கு வெளியே, அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் எடுங்கள். மருந்து ஒட்டிய கை ஒரு குடும்பத்தின் சோறு. அதை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது.

27. விரலால் இழுத்தால் வருவது ஜூம் அல்ல

கைபேசித் திரையை இரு விரலால் விரித்து எடுக்கும்போது, பல நேரங்களில் நடப்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். தெளிவு குறையும். அதற்குப் பதில் நான்கு அடி முன்னால் போங்கள். அருகே போனால் பேச வேண்டியிருக்கும். பேசினால் எதிரில் இருப்பவரின் முகம் இளகும். சாத்தூரில் சேவு பிழியும் அண்ணாச்சியும் விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயில் பொரிக்கும் மாஸ்டரும் முன்னால் வந்து நிற்பவருக்குத் தரும் பார்வை, தெருமுனையிலிருந்து ஜூம் செய்பவருக்குக் கிடைக்காது.

28. ஏழு சீர், முப்பது பாட்டு

எல்லை போட்டுக்கொண்டு படைப்பது நமக்குப் புதிதல்ல. குறளுக்கு ஏழே சீர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவை முப்பதே பாசுரம். வாசலில் கோலம் போடும் அம்மா முதலில் புள்ளி வைத்துவிட்டுத்தான் இழை இழுக்கிறார். புள்ளிதான் வேலி. அந்த வேலிக்குள்தான் ஆயிரம் கோலம் பிறக்கிறது.

29. செய்து பார்க்க ஒரு ஞாயிறு

விதிகள் எளியவை. கேமராவோ கைபேசியோ ஒன்று மட்டும் எடுங்கள். ஒரே லென்ஸ், ஜூம் இல்லை, ஃபிளாஷ் இல்லை. விருதுநகரிலிருந்து செங்கோட்டை போகும் ரயில் பாதையில் திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று நிலையங்கள் வரும். அதில் ஏதாவது ஒன்றில் இறங்குங்கள். காலை முதல் மாலை வரை அந்த ஊரைவிட்டு நகராதீர்கள். பன்னிரண்டு முறைதான் ஷட்டரை அழுத்தலாம். எடுத்ததைத் திரையில் பார்ப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான். அழித்துவிட்டு மீண்டும் எடுப்பதும் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி நோட்டில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அழுத்த வேண்டாம்.

மாலையில் பன்னிரண்டு படங்களையும் ஊரிலுள்ள ஸ்டூடியோவில் அச்சுப் போட்டு வாங்குங்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை வரிசைப்படுத்துங்கள். அது உங்கள் சொந்தக் காலண்டர். புதுக் கேமரா வாங்கச் சேர்த்துவைத்த பணம் பத்திரமாக இருக்கட்டும். முதலில் இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழியுங்கள். வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படமாவது தேறினால், உங்கள் கேமரா நல்ல கேமராதான்.